தூங்குகிற ரோமெலின் முகம்

எங்கள் தெருவில் ஒருவன் பல்கலைக்கழக வாசலை மிதித்தால் போதும், வீட்டில் வைத்த பெயர் அன்றோடு போயிற்று. அப்புறம் அவன் வக்கீல், டாக்டர், இஞ்சினியர்தான். படித்து முடித்தானா, பாதியில் ஓடிவந்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை. நெப்தலி யகுவாலுக்குக் கட்டுமானப் பொறியியலில் இடம் கிடைத்த மறுநாள் காலையில், பெட்டிக்கடைக்காரர் தோன் அப்தோன் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து, "வாங்க இஞ்சினியரே, சோப்பா ரொட்டியா?" என்று கேட்டார். அன்று பிடித்தது அந்தப் பெயர். இன்றைக்கு அவனுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. ஒரு பாலம் கட்டியதில்லை, ஒரு குட்டிச்சுவர் கட்டியதில்லை. ஆனாலும் குவாயாகில் துறைமுக நகரின் இந்த மூலையில் வந்து இஞ்சினியர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தப் பட்டத்துக்கு முதுகு கொடுத்தவன் அவன் அண்ணன் ரோமெல். அப்பன்காரன் ஸ்பெயினுக்குக் கொத்து வேலைக்கு என்று போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். ரோமெல் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு இறால் கம்பெனிக்குப் போனவன், அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. ஐஸ் பெட்டி தூக்குகிற வேலை. உப்பும் குளிரும் தின்று இரண்டு கையும் எப்போதும் வீங்கியே இருக்கும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

பேசாமல் இருந்தான் என்று அர்த்தமில்லை. வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. சாவு வீட்டில் அவனைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள், செத்தவரே சிரித்துவிடுவார் என்று. இரவு வேலை முடிந்து ரப்பர் பூட்ஸோடு தெருமுனையில் திரும்பும்போதே எவனையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டுதான் வருவான். "ஏம்ப்பா, உன் பொண்டாட்டி உன்னைத் தேடிட்டு எங்க கம்பெனிக்கே வந்துட்டா, இறால் கூடையில இருக்கியான்னு பார்க்க!" இப்படி ஏதாவது. ரோமெல் இருந்தால் தெருவுக்கு ரேடியோ வேண்டாம்.

நெப்தலி படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், ஜூலையில் ஒரு கூத்து நடந்தது. அம்மா கிரிமனேசா வாசலில் மீனும் மரவள்ளியும் போட்ட வெங்காயச் சாறு விற்றுக்கொண்டிருந்தாள். மீன் கெட்டுப்போகிறது என்று ரோமெல் எங்கேயோ ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் பிடித்தான். மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வருகிறபோது உப்பங்கழிப் பாலத்தில் சக்கரம் நழுவி, வண்டியும் ஃப்ரிட்ஜும் தண்ணீருக்குள். ரோமெல் பின்னாலேயே குதித்தான். நீரோட்டம் இழுக்கிறது, அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். கடல் உள்வாங்கித் தண்ணீர் இறங்கும்வரை அப்படியே நின்றான். தெரு முழுக்கப் பாலத்தின் மேல் நின்று கைதட்டியது. "முத்தம் குடுடா அவளுக்கு!" என்று யாரோ கத்த, அவன் நிஜமாகவே ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒரு முத்தம் கொடுத்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. அந்த ஃப்ரிட்ஜ் அதற்கப்புறம் ஓடவே இல்லை என்பது வேறு கதை.

டிசம்பர் கடைசியில் தெருவுக்கு ஒரு 'பழைய வருஷம்' வேண்டும். கட்டையில் கூடு கட்டி, சிமெண்ட் பைக் காகிதம் ஒட்டி, மரத்தூளும் வெடியும் திணித்த பொம்மை. அதன் பேரில் கேலியாக ஒரு உயில் எழுதி வாசித்து, உதைத்து, பெல்ட்டால் விளாசி, நள்ளிரவு மணி அடிக்கும்போது கொளுத்தினால்தான் புது வருஷம் உள்ளே வரும். பெரும்பாலும் மந்திரிகளைத்தான் செய்வோம். தெருவே சந்தோஷமாக இருக்கிற வருஷத்தில் தெருக்காரன் ஒருவனையே செய்வதுண்டு. அது மரியாதை. பொம்மையாகிறவன்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிக்க வேண்டும், முதல் உதையும் அவனே கொடுக்க வேண்டும்.

"இந்த வருஷம் ரோமெலும் ஃப்ரிட்ஜும்! மறுபேச்சே கிடையாது," என்று தோன் அப்தோன் கடை வாசலில் அறிவித்தார். தெருக்கமிட்டிக்கு அவர்தான் தலைவர், பொருளாளர், எல்லாம்.

"செய்யுங்க, செய்யுங்க," என்றான் ரோமெல். "தொப்பையை மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளிச் செய்யுங்கப்பா. இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பையன்."

நெப்தலியை இதில் இழுத்தது பொம்மையின் கட்டைக்கூட்டுக்காகத்தான். முந்தின வருஷம் செய்த குத்துச்சண்டைக்காரன் காற்றில் சாய்ந்து அப்தோன் கடை ஷட்டரை நசுக்கிவிட்டான். "நம்ம தெருவுல ஒரு இஞ்சினியரை வச்சுக்கிட்டு இந்த அசிங்கம் தேவையா?" என்று கேட்டார் அப்தோன். நெப்தலி அப்போது மூன்றாம் ஆண்டு. அடிப்பலகையின் அகலம் எவ்வளவு, மணல் மூட்டை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு, ஆளைவிட ஒரு முழம் உயரமாகக் கூட்டை நிறுத்திக் கொடுத்தான். தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. அவன் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வழக்கமாக முகம் செய்கிற ஆள் அந்த வருஷம் வேலை தேடி மலைப்பக்கம் போய்விட்டான்.

"மூஞ்சியையும் நீங்களே போட்டு விட்டுடுங்க இஞ்சினியரே. ஒரு உருண்டை, ரெண்டு கண்ணு, பெரிய மூக்கு. அதுல என்ன இருக்கு?" என்றார் அப்தோன்.

கழிக்கரைச் சேற்றை வாளியில் அள்ளிவந்து கொல்லைப்புறத் தகரக்கூரையின் கீழே உட்கார்ந்தான். உருண்டை பிடித்தான். கேலிக்காகப் பெரிய மூக்கு வைத்தான். கண்ணுக்குக் கீழே சேறு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை அழுத்திவிடலாம் என்று கட்டைவிரலை வைத்தான். விரலை எடுத்தபோது அங்கே ஒரு தொங்கல் விழுந்திருந்தது. ரோமெலின் கண்ணுக்குக் கீழே இருக்கிற அதே தொங்கல். நெப்தலி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான், கோழிதான் நின்றது.

அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் கணக்கில் விடை சரியாக வந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கும் அதே விடைதான் வரும். இது அவனுக்கு மட்டும் வந்தது. அந்த வயதுவரை அவன் செய்த எதுவும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை, இது பார்த்தது. பெரிய மூக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே சொல்லவேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே அறை. ரோமெல் காலையில் வந்து குளித்துவிட்டுத் தொங்குதூளியில் விழுந்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. நெப்தலி பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்ப்பான். ஓடிப்போய்ச் சேற்றில் கைவைப்பான். திரும்ப ஓடிவந்து பார்ப்பான். விழித்திருக்கும் ரோமெலின் முகம் ஒரு நொடி நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். தூங்குகிற ரோமெலை அதுவரை அவன் பார்த்ததே இல்லை, ஒரே அறையில் இத்தனை வருஷம் படுத்திருந்தும். சிரிப்பு இறங்கிப் போனதும் கன்னம் இரண்டும் சரிந்துவிட்டன. புருவத்துக்கு நடுவே ஒரு வெட்டு. முப்பது வயது ஆள், ஐம்பது வயது முகம். ஐயோ அண்ணே என்று அவனுக்கு அழுகை வந்தது. அழுகை வந்த கையோடு அந்த வெட்டின் ஆழத்தையும் விரலால் அளந்துகொண்டு போனான்.

கான்கிரீட் பரீட்சை டிசம்பர் இருபதாம் தேதி. ரோமெல் அன்று தூங்காமல் தம்பியின் சட்டையை அவனே இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

"டேய் இஞ்சினியரு, இன்னிக்கு அந்தக் கான்கிரீட்டை ஒரு வழி பண்ணிட்டு வா. ஃபெயிலானேன்னு வை, உன்னைக் கொண்டுபோய் இறாலோட இறாலா உரிச்சிடுவேன்."

நெப்தலி பஸ் நிறுத்தம்வரை போனான். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. சேற்று முகத்தின் மேல் ஈரத்துணி போட்டோமா என்று ஒரு நினைப்பு வந்தது. போடவில்லை. இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். துணியை மட்டும் நனைத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று திரும்பி நடந்தான். துணியை நனைத்தான். போடுவதற்கு முன்னால் இடது கண் இமையைக் கொஞ்சம் சரிசெய்தான். நிமிர்ந்து பார்த்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவனுக்கு வருத்தமே வரவில்லை. அதுதான் அவனை இன்றுவரை அரிக்கிறது. நல்ல பசி. பச்சை வாழைக்காயையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து பொரித்த உருண்டை இரண்டை வாங்கி, நின்றபடியே தின்றான். ராஜா மாதிரி இருந்தது என்று பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான்.

சேற்று முகத்தின் மேல் நேராகக் காகிதம் ஒட்டினால் தெருவுக்குப் போதும். இவனோ பிளாஸ்டர் கரைத்து ஊற்றி ஒரு அச்சு எடுத்தான். டிசம்பர் ஈரத்தில் காகித முகம் கோணிக்கொண்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமே என்று. படிப்பு சொல்லிக்கொடுத்த முன்யோசனை. எந்தப் பாடத்தை மறக்காவிட்டாலும் இதை மறந்திருக்கலாம்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பொம்மையைத் தெரு நடுவில் நிறுத்தித் துணியை இழுத்தார்கள். கறுப்பு கவுன் மாட்டி, பஞ்சு மார்பு வைத்துக்கொண்டு, "ஐயோ என் புருஷன் போறானே" என்று வண்டிகளை மறித்துச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்த பழைய வருஷத்தின் விதவைகள், அதாவது மீசை வைத்த எங்கள் தெரு ஆம்பளைகள், ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். அட்டை ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி ரோமெல் நின்றான். கட்டிப்பிடித்த மாதிரி இல்லை, அதன்மேல் சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. சிரிக்க வந்த சனம் சிரிக்கவில்லை.

"ரோமெல்தான்," என்றாள் ஒருத்தி, மெல்ல.

அம்மா கிரிமனேசா ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டாள். "என் புள்ளையைப் படுக்கவச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கு. மூடுங்கடா அதை!"

அந்த நேரம் பார்த்து, அன்று மட்டும் பகல் வேலைக்குப் போயிருந்த ரோமெல் கம்பெனியிலிருந்து வந்தான். இறால் வாடை, ரப்பர் பூட்ஸ், தோளில் துண்டு. தூரத்திலிருந்தே, "என்னங்கடா, அழகனைப் பார்க்கக் கூட்டமா?" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தவன், கிட்டே வந்ததும் நின்றுவிட்டான். கழுத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"சேச்சே, நீ இதைவிட அசிங்கம்," என்று அப்தோன் ஒரு முயற்சி செய்தார். யாரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

ரோமெல் தம்பியைத் தேடிப் பிடித்தான். "பல்லு எங்கடா? நான் சிரிக்கிறவன்டா. இந்தத் தெருவுக்கே தெரியும். எங்க பார்த்த நீ இந்த மூஞ்சியை?"

"நீ தூங்கும்போதுண்ணே."

ரோமெலின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. அடிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன் அடிக்கவில்லை. "தூங்கும்போதா," என்றான். அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்விட்டான்.

முதல் உதைக்கு அவனைக் கூப்பிட்டபோது வந்தான். உதைத்தான். ஒரு உதைதான் வழக்கம், அவன் நிறுத்தவில்லை. ஃப்ரிட்ஜ் பிய்ந்தது, கால் பிய்ந்தது, நெப்தலி கணக்குப் போட்ட கூடு கடைசிவரை சாயவில்லை. பிறகு மண்ணெண்ணெய் கேனையும் அவனே வாங்கிக்கொண்டான். தீயில் அந்த முகம் உள்வாங்கியபோது நெப்தலி தேம்பித் தேம்பி அழுதான். ரோமெல் தீயைப் பார்க்கவில்லை, அழுகிற தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அழுகை தனக்காக இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, வெங்காயச் சாற்றுக் கிண்ணத்தின் மேல் குனிந்தபடி கேட்டான்: "பரீட்சை எப்படி எழுதின?"

"போகலைண்ணே."

"அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்த?"

"உன் கண்ணைச் செஞ்சிட்டிருந்தேன்."

ரோமெல் கரண்டியைக் கீழே வைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மறுபரீட்சை உண்டில்ல?"

"அடுத்த மாசம்."

"எழுதுவியா?"

"எழுதுறேண்ணே. சத்தியமா."

"அந்த அச்சு எங்க இருக்கு?"

"கொல்லைல."

"கழில போட்டுடு. உயிரோட இருக்கிறவன் மூஞ்சியை வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு அம்மா ராத்திரியெல்லாம் தூங்கலை." கிண்ணத்தை மறுபடி இழுத்துக்கொண்டான். "அம்மாவுக்காக மட்டும் சொல்லலைடா. அது கிடக்குதுன்னு தெரிஞ்சா எனக்கே தூக்கம் வராது. அதைப் போட்டுடு, பரீட்சையை எழுது. மத்ததெல்லாம் விட்டுடலாம்."

இவ்வளவுதான் கேட்டான். பதினைந்து வருஷம் பெட்டி தூக்கினவன் தம்பியிடம் கேட்டது மொத்தமே இந்த இரண்டுதான். எங்கள் தெருவில் எங்களுக்கும் அதுதான் வழக்கம். தெருக்காரன் முகம் என்றால், ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் அச்சை உடைத்துத் தண்ணீரில் போட்டுவிடுவோம்.

நெப்தலி அச்சைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கழிக்குப் போனான். பாலத்துக்கு அடியில் நின்றான். அச்சைத் திருப்பினால் அண்ணன் முகம் உள்ளே குழிந்து, தலைகீழாகத் தெரிகிறது. அவன் கை ஓங்கவில்லை. அச்சுக்குப் பதில் கரையில் கிடந்த இரண்டு செங்கல்லைச் சாக்கில் போட்டுக் கட்டி வீசினான். தொபுக்கென்ற சத்தம் வீடுவரை கேட்டது. உள்ளேயிருந்து ரோமெல், "போட்டியா?" என்று குரல் கொடுத்தான். "போட்டேண்ணே," என்றான் இந்தப் பாவி. அந்த மத்தியானம் அண்ணன் நிம்மதியாகத் தூங்கினான்.

அச்சைச் சட்டைக்குள் மறைத்து அவன் கொண்டுபோன இடம் தோன்யா சொய்லாவின் பட்டறை. ஊரின் நடுவில் பொம்மைக்காரர்கள் தெரு ஒன்று இருக்கிறதே, அங்கே. டிசம்பரில் இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடமில்லாமல் பழைய வருஷங்களை அடுக்கி விற்பார்கள். மற்ற மாதங்களில் அதற்கான வேலை. எரிகிற பொம்மையைத் தெருவில் பத்துப் பேர் படம் எடுத்திருந்தார்கள், அது செல்போன் செல்போனாகப் போய் அவளிடம் சேர்ந்திருந்தது. ஆள் விட்டு விசாரித்திருந்தாள்.

அவள் அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கடா கத்துக்கிட்ட?"

"எங்கேயும் இல்லைங்க."

"அப்ப நீ தொலைஞ்ச. கத்துக்கிட்டவனாவது மறக்கலாம். நாளைக்கு வா."

மறுபரீட்சை எழுதினான், பாஸும் ஆனான். ரோமெல் அதற்கு ஒரு பாட்டில் பீரை உடைத்துத் தெருவே கேட்கப் பாடினான். மே மாதம்வரை பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை. அதற்கப்புறம் வகுப்பு நின்றுபோயிற்று. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். ரோமெல் வீங்கின கையால் சட்டைப்பையைத் துழாவிப் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுப்பான். அதை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் இறங்குவான். வாங்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று தனக்குத்தானே சமாதானம். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வருஷக் கடைசி வந்துவிட்டது. பசையும் காகிதமும் சேறுமாகக் கையை வைத்த அந்த மாதங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் என்று நெப்தலி சொல்வான். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

நவம்பரில் சொய்லா கேட்டாள்: "அந்த முகத்தை எடுக்கலாமா?"

"வேண்டாங்க. அது எங்க அண்ணன்."

"யாருக்குத் தெரியப்போகுது? மந்திரி பொம்மை விக்கலை, பந்து விளையாடுறவன் பொம்மை விக்கலை. இந்த வருஷம் சனத்துக்கு யார் மேலயும் கோவம்கூட இல்லை, அலுத்துப்போய்க் கிடக்கு. அலுத்துப்போன ஒருத்தனைக் கொளுத்தணும்னு இருக்கு." கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: "இதைக் குடு. தெருமுனையில நிக்கிற ராட்சசப் பொம்மையை முழுசா உன் கையில விட்டுடறேன். உன் இஷ்டம்போல செய்."

அண்ணன் இந்தப் பக்கமே வரமாட்டானே என்று அவன் யோசித்தான். யோசிக்கும்போதே ராட்சசப் பொம்மையின் தோள் எப்படி இருக்க வேண்டும் என்பதும் கூடவே ஓடியது. சரி என்றான். முதல் முகத்தைத் தானே எடுத்து, தானே வண்ணம் பூசினான். மற்றவர்கள் பூசினால் கண்ணைக் கெடுத்துவிடுவார்கள் என்று அத்தனையையும் தானே பூசினான்.

தெருவில் இந்த வருஷம் யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, "எனக்குப் பரீட்சை இருக்கு," என்று நழுவிவிட்டான். "ஆமாப்பா, இஞ்சினியரைத் தொந்தரவு பண்ணாதீங்க, போன வருஷம் பட்டது போதும்," என்று முதல் ஆளாகச் சொன்னவன் ரோமெல்தான். அப்படியானால் செய்து வைத்த பொம்மை ஒன்றைக் கடையில் வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. யார் போய் வாங்குவது? பேரம் பேசுவதில் ரோமெலை அடிக்க ஆள் கிடையாது. முப்பதாம் தேதி காலையில் தெருப் பணத்தைக் கொடுத்து அப்தோன் அவனை அனுப்பினார்.

கடையின் உட்பக்கம் உட்கார்ந்து கடைசி நேர வண்ணம் பூசிக்கொண்டிருந்தான் நெப்தலி. "அம்மா தாயே, என்ன கடை இது, சுடுகாடா?" என்று வெளியே ஒரு குரல். தூரிகை கையிலேயே நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தான். மூன்று வரிசையாக ரோமெல்கள் நின்றார்கள். சட்டை மட்டும் வேறு வேறு. ஒருவன் கொத்தனார், ஒருவன் வாட்ச்மேன், ஒருவன் பஸ் டிரைவர். எல்லார் கண்ணுக்குக் கீழேயும் அதே தொங்கல். அந்த வரிசைக்கு முன்னால் அண்ணன் நின்றான்.

"இதுதான் இந்த வருஷம் பறக்குது," என்றாள் சொய்லா, அவனைச் சரியாகப் பார்க்காமலேயே. "உதைக்க நல்லா இருக்கும்னு வாங்கிட்டுப் போறாங்க."

"யாரு இவன்?"

"யாருமில்லை. சும்மா ஒரு மனுஷன்."

ரோமெல் ஒரு பொம்மையின் கன்னத்தில் விரல் வைத்தான். எடுத்தான். அப்போதுதான் சொய்லா பின்னால் திரும்பி, "இதோ, இந்தத் தம்பி செஞ்சதுதான். தங்கமான கை," என்று திரையை விலக்கினாள். நெப்தலி எழுந்து நின்றான். கையெல்லாம் அண்ணனின் தோல் நிறம். பக்கத்தில் ஆணியில் புத்தகப் பை தொங்கியது.

ரோமெல் பையைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான்.

"நீங்கதான் செஞ்சீங்களா?" என்றான்.

பிறந்த நாளிலிருந்து டேய் போட்ட வாய்.

"ரொம்ப நல்லா செய்றீங்க. விடாதீங்க." பிறகு சொய்லா பக்கம் திரும்பினான். "சொல்லுங்கம்மா, இது என்ன விலை? இவ்வளவு நோஞ்சானா இருக்கான், பாதி விலைக்குக் குடுங்க." பேரம் பேசினான். எப்போதும்போல் பேசினான், அவளை இரண்டு தடவை சிரிக்கவைத்தான். நெப்தலி அண்ணே என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கொத்தனார் சட்டை போட்ட பொம்மை ஒன்றை ரோமெல் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். கூட்டத்தில் போகிறபோது ஒரு தள்ளுவண்டிக்காரன், "அடேய், ரெட்டைப் பிள்ளைங்க போறாங்க பாருங்கடா!" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோமெல் திரும்பினான்.

அப்போது அவன் சிரிக்கவில்லை. சுற்றி சனம் சிரிக்கும்போது அண்ணன் கூடச் சேர்ந்து சிரிக்காமல் இருந்து நெப்தலி பார்த்தது அதுதான் முதல் தடவை. கீழுதடு உள்ளே மடங்கி, பல்லுக்குள் இறுகி, ஒரு பக்கம் மட்டும் மெல்ல நடுங்கியது. தோளில் கிடந்த பொம்மையின் உதடோ வெறுமனே தொங்கியது. இரண்டு முகமும் அருகருகே போயின.

உதட்டைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று நெப்தலி நினைத்தான். கடவுளே, வேறு எதையும் அல்ல, அதைத்தான் நினைத்தான். பின்னாலேயே ஓடவில்லை. கூட்டத்தில் அந்தத் தலைகள் மறைகிறவரை உதட்டையே பார்த்தான்; மறந்துவிடப் போகிறோமே என்ற பதற்றத்தில் உள்ளே ஓடி, சேற்று வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருட்டுவதற்குள் அந்த உதட்டோடு அச்சைத் திருத்தி முடித்துவிட்டான்.